கல்லடி ‘புத்தக வீடு’: ஓரத்துப் பென்சிலையும் சேத்து வாசிக்க வேண்டிய லைப்ரரி

மூண்டு மாசமா சனிக்கிழமை தவறாமப் போய் வாறன், இப்பதான் இதப்பத்தி எழுதலாம் எண்டு ஒரு துணிவு வந்திருக்கு. ஒருக்காப் போய் எட்டிப் பாத்திட்டு நல்லம், கூடாது எண்டு சொல்ற இடமில்ல இது.

மட்டக்களப்புல கல்லடிப் பாலம் தாண்டி கடல் பக்கமாப் போற ஒழுங்கை ஒண்டுக்குள்ள பழைய ஓட்டு வீடு. போர்ட் ஒண்டும் இல்ல, ஆனா அந்தப் பக்கம் யாரிட்டயும் ‘புத்தக வீடு எது’ எண்டு கேட்டா சின்னப் புள்ளையும் காட்டும். கெம்பஸ்ல அரசறிவியல் படிப்பிச்சு ரிட்டயர் ஆன ஒரு சேர்ட சொந்தப் புத்தகங்கள், முழுக்க நீதி, சட்டம், அரச கொள்கை, நிர்வாகம் எண்டு இந்தப் பக்கம்தான். சேர் 2023ல மோசம் போயிட்டார். அவர்ட மனிசி, அவங்களும் ரிட்டயர்ட் டீச்சர், விறாந்தையையும் ரெண்டு அறையையும் வாசிக்க வாற ஆக்களுக்குத் திறந்து விட்டிருக்காங்க. புதன், சனி, ஞாயிறு, காலம ஒன்பதுல இருந்து பின்னேரம் நாலு மணி வரைக்கும். காசு இல்ல. கொப்பில பேரும் எந்தப் புத்தகம் எடுத்தீங்க எண்டும் எழுதணும், அவ்வளவுதான். புத்தகம் வெளிய போகாது, எவ்வளவு கெஞ்சினாலும் போகாது.

நான் முதல் போனது எக்ஸாமுக்கு. அரச வேலையில உள்ள ஆக்களுக்கு வைக்கிற நிர்வாக சேவை லிமிட்டெட் எக்ஸாம் எழுத நினைச்சன், பகல்ல அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை, வீட்டில ரெண்டு புள்ளைகள், படிக்க இடமில்ல. கூட வேலை செய்யிற ஒரு அக்காதான் ‘கல்லடிக்குப் போ கா, அங்க எல்லாம் கிடக்கு’ எண்டு சொன்னா. போனன். டீச்சர் கதவைத் திறந்திட்டு ‘என்ன மகள், எக்ஸாமுக்கோ? சரி இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாரு’ எண்டாங்க. அண்டைக்கு நோட்ஸ் எடுக்கத்தான் இருந்தன். ஆனா எடுத்த புத்தகத்துல அச்சடிச்ச எழுத்த விட ஓரத்துல எழுதிக் கிடந்ததுதான் கண்ணுல நிண்டுது.

சேர் எழுதின முறை இப்பிடி. பென்சில்ல எழுதினா அது சுருக்கம், இல்லாட்டி சம்மதம். சிவப்பு எண்டா மறுப்பு. நீலம் எண்டா நம்ம ஊருக் கதை, அதாவது அந்தப் பக்கத்துல சொல்ற விசயம் மட்டக்களப்பிலயோ அம்பாறையிலயோ எப்பிடி நடக்கு எண்டு. புத்தகத்துட கடைசி வெள்ளைத் தாளில வாசிச்சு முடிச்ச மாசமும் வருசமும். சில புத்தகத்துல ஒரு திகதி, சிலதுல மூண்டு நாலு. இது விளங்க எனக்கு ரெண்டு கிழமை போச்சு, டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தா லேசா இருந்திருக்கும், அதால உங்களுக்கு நான் சொல்லிட்டன்.

அமெரிக்க மெய்யியல் அறிஞர் ஜோன் றோல்ஸ் எழுதின நீதி பற்றின தடிச்ச புத்தகம், 1971ல வந்தது, அரசறிவியல் படிச்ச ஆக்களுக்குத் தெரியும். நீ பணக்காரனாப் பிறப்பியா ஏழையாப் பிறப்பியா, கெட்டிக்காரனா நோயாளியா எண்டு ஒண்டுமே தெரியாத ஒரு திரைக்குப் பின்னால நிண்டு சமூகத்துக்கான சட்டத்தை எழுதச் சொன்னா எப்பிடி எழுதுவ, அப்பிடி எழுதிறதுதான் நியாயமான சட்டம் எண்டு அவர் சொல்றார். ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனா அது ஆகக் கீழ கிடக்கிற ஆளுக்கு நன்மை தரணும் எண்டும் சொல்றார். இத நான் கெம்பஸ்ல மனப்பாடம் பண்ணி எழுதி மாக்ஸ் எடுத்தன். சேர்ட இந்தப் புத்தகத்துல நாலு திகதி. 1979, 1991, 2005, 2016. 78 நவம்பர் சூறாவளியில வீட்டுக் கூரையும் முதல் சேத்த புத்தகங்களும் போனதுக்குப் பிறகு வாங்கின முதல் புத்தகம் இது எண்டு டீச்சர் சொன்னாங்க. 79ல எழுதினது எல்லாம் இங்கிலிசில, பென்சில், சரி சரி எண்டு டிக் போட்ட மாதிரி. 91ல தமிழ், சிவப்பு. திரையைப் பத்தின பக்கத்துல கீழ இருந்து மேல வரைக்கும் சரிச்சு எழுதியிருக்கார்: ‘திரைக்குப் பின்னால் நிற்பவன் உயிரோடு இருப்பான் என்று இவர் எடுத்துக்கொள்கிறார்.’ போர் நடந்த அந்த வருசம் இங்க எப்பிடி இருந்தது எண்டு தெரிஞ்ச ஆக்கள் அந்த வரியைக் கடந்து போக ஏலாது. நான் புத்தகத்தை மூடி வச்சிட்டு விறாந்தையில போய் இருந்தன்.

2005ல நீலம். கீழ கிடக்கிற ஆள் எண்ட இடத்துக்குப் பக்கத்துல: ‘முகாமில் ஆகக் கடைசி ஆள் யார்? வரிசையில் கடைசியில் நிற்பவர் அல்ல. வரிசைக்கே வராதவர்.’ 2016ல பென்சில்ல, கை நடுங்கின எழுத்து: ‘1991இல் எழுதியது பிழையில்லை. அதற்காகப் பதினான்கு வருடம் இந்த நூலைத் திறக்காதது பிழை.’ ஒரே மனுசன் ஒரே பக்கத்தோட முப்பத்தேழு வருசமாக் கதைச்சிருக்கார். எந்த லெக்சரும் எனக்கு இப்பிடி ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டல்ல.

அந்த 2005 குறிப்புக்குப் பின்னால இந்த வீட்டுக் கதையும் இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமில கல்லடி பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்து கீழ ரெண்டு தட்டும் போயிட்டு. தப்பின புத்தகங்கள்ல இப்பவும் அடிப்பக்கம் உப்புக் கறை வளைஞ்சு வளைஞ்சு தெரியும், தாள் மொரமொரத்துக் கிடக்கும், மெல்லமாப் புரட்டுங்க. அதுக்குப் பிறகு சேர் அடுக்கின விதமே வேற. திரும்ப வாங்க ஏலாதது எல்லாம் ஆக மேல் தட்டில. 1876ல பிரிட்டோ எழுதின முக்குவர் சமூகத்துட வழமைச் சட்டம், 1921ல கனகரத்தினம் எழுதின மட்டக்களப்பு மொனோகிராப், 1962ல நடராசா பதிப்பிச்ச மட்டக்களப்பு மான்மியம், இதெல்லாம் கையெட்டாத உயரத்துல இருக்கு, ஸ்டூல் போட்டு டீச்சரே ஏறி எடுத்துத் தருவாங்க. அவங்களுக்கு எழுபது தாண்டிட்டு, பாக்கவே பயமாக் கிடக்கும், போற இளசுகள் நீங்க ஏறி எடுங்க.

அமர்த்தியா சென் ரெண்டாவது அறையில. 2009ல வந்த நீதி பற்றின புத்தகத்துல ஒரு புல்லாங்குழலுக்கு மூண்டு புள்ளைகள் சண்டை பிடிக்கிற கதை வரும். ஒண்டுக்கு வாசிக்கத் தெரியும், ஒண்டுக்கு விளையாட வேற சாமானே இல்ல, ஒண்டுதான் அதச் செஞ்சது. ஆருக்குக் குடுப்பீங்க? மூண்டு பேர்ட பக்கமும் நியாயம் கிடக்கு எண்டு காட்டத்தான் அந்தக் கதை. சேர் அதுக்குப் பக்கத்துல நீலத்துல புல்லாங்குழலை வெட்டிட்டுத் ‘தோணி’ எண்டு எழுதியிருக்கார். கடலுக்குப் போகத் தெரிஞ்சவன், சுனாமில தோணியைப் பறிகுடுத்தவன், ஒருநாளும் தோணி இல்லாம மத்தவன்ட தோணில கூலிக்குப் போனவன். அவ்வளவுதான் எழுத்து, விடை எழுதல்ல. அடுத்த பக்கத்துல இன்னொண்டு: கடற்கரையில கட்டக்கூடாத வலயம் தெற்கிலயும் மேற்கிலயும் 100 மீட்டர், வடக்குக் கிழக்கில 200 மீட்டர் எண்டு போட்டாங்களே, அந்த ரெண்டு நம்பரையும் எழுதி நடுவில ஒரு கேள்விக்குறி. நான் அப்ப சின்னப் புள்ள, அந்த 200 மீட்டரால எங்கட மாமி குடும்பம் வருசக்கணக்காத் தற்காலிக ஷெட்டில கிடந்தது மட்டும்தான் ஞாபகம். அது ஒரு கொள்கை முடிவு, ஆரோ ஒரு மேசையில இருந்து எழுதினது, அதக் கேள்வி கேக்கலாம் எண்டது அந்தக் கேள்விக்குறியைப் பாத்த பிறகுதான் உறைச்சுது.

அதே புத்தகத்துல சென் சமஸ்கிருதச் சொல் ரெண்டை எடுத்து, ஒண்டு அமைப்பும் சட்டமும் சரியா இருக்கிறது, மத்தது உண்மையில ஆக்கள்ட வாழ்க்கையில என்ன நடக்கு எண்டது, ரெண்டாவதுதான் முக்கியம் எண்டு பிரிப்பார். நீதி, நியாயம். சேர்ட பென்சில்: ‘இதை நம் சனம் முன்பே பிரித்துவிட்டது. வேலிச் சண்டைக்கு வந்தவர் “நியாயம் சொல்லுங்கோ” என்பார். “நீதி சொல்லுங்கோ” என்று யாரும் கேட்டதில்லை. நீதி நீதிமன்றத்தில், நியாயம் படலையடியில்.’ வாசிச்சதும் எங்கட அம்மம்மாட குரல் காதுல கேட்டிச்சு, அவ எல்லாத்துக்கும் ‘இது நியாயமோ மனே’ எண்டுதான் கேப்பா.

இங்கதான் பச்சை மையைப் பத்திச் சொல்லணும், இந்த லைப்ரரில என்னை ஆக உலுப்பினது அதுதான். சில புத்தகங்கள்ல சேர்ட குறிப்புக்குக் கீழ வேற ஒரு கையெழுத்து, பச்சைப் பேனை, சின்னச் சின்ன எழுத்து, அழகா நேரா. சேர்ட கூட்டாளி ஒருத்தர், காத்தான்குடிப் பக்கம், அவரும் ஆசிரியர். சைக்கிள்ல வந்து புத்தகம் எடுத்துப் போய், சேர்ட குறிப்புக்குப் பதில் எழுதித் திருப்பித் தருவாராம், அவருக்கு மட்டும்தான் புத்தகம் வெளிய போனது எண்டு டீச்சர் சொன்னாங்க. ரெண்டு பேரும் ஓரத்துலயே சண்டை பிடிச்சிருக்காங்க. காணி உச்சவரம்பு பத்தின ஒரு புத்தகத்துல, 1972ம் ஆண்டுச் சட்டத்துல வயல் 25 ஏக்கர் எண்டு வச்சதப்பத்தி சேர் பாராட்டி எழுத, பச்சை மை ‘போடியார் பேரில் 25, மனைவி பேரில், மகன் பேரில்? நீங்கள் வயல் வட்டைக்குப் போனதுண்டா சேர்?’ எண்டு கேக்குது. போடியார் எண்டா பெரிய வயல்காரர். அடுத்த வரியில சேர் ‘இல்லை. போகிறேன்’ எண்டு எழுதியிருக்கார். ஒரு பேராசான் அப்பிடி ஒத்துக்கொண்டு எழுதினத நான் வேற எங்கயும் பாக்கல்ல.

பச்சை மை 1990 நடுப்பகுதியோட நிக்குது. அந்த ஆகஸ்ட்ல காத்தான்குடிப் பள்ளிவாசல்கள்ல தொழுத முஸ்லிம் ஆக்களைக் கொன்டதும், அடுத்த மாசம் சத்துருக்கொண்டான்ல தமிழ் ஆக்களைக் கொன்டதும் இந்த மாவட்டத்துல ஆருக்கும் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்ல. அதுக்குப் பிறகு பன்னிரண்டு வருசம் சேர்ட குறிப்பு மட்டும்தான், சிவப்பு கூடிக்கொண்டே போகுது. 2002ல போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த வருசம் ஒரு புத்தகத்துல, பக்கம் முழுக்க வெறுமையாக் கிடக்க, கீழ் மூலையில பச்சையில ரெண்டே சொல்: ‘வாசித்தேன். வந்தேன்.’ டீச்சரிட்ட இதக் காட்டினன். அவங்க கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு ‘அண்டைக்கு ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கல்ல மகள், நான் சோறு போட்டன், சாப்பிட்டாங்க’ எண்டாங்க. அவரும் இப்ப இல்ல.

கண்ணகி வழக்குரை இந்தக் கலெக்‌ஷன்ல இருக்கும் எண்டு நான் நினைக்கவே இல்ல. கோவலனுக்காகக் கண்ணகி பாண்டியனிட்ட நீதி கேட்ட கதை, வைகாசிச் சடங்குக்குக் கோயில்ல பாடுற அதே வழக்குரைதான். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் எண்டு போய் நாங்க கண்ணகிட கோபத்தை ஆத்திக் குளிர வைக்கிற குளிர்த்திச் சடங்கு பாக்கிறது, கும்பிடுறது, அதோட வீட்டுக்கு வாறது. சேர் அத நிர்வாகச் சட்டப் புத்தகங்களுக்கு நடுவில வச்சிருக்கார், தவறுதலா மாறி வச்சதாக்கும் எண்டு நினைச்சு எடுத்தன். பாண்டியன்ட பிழை என்ன எண்டு முதல் பக்கத்துலயே எழுதியிருக்கு. திருடினானா இல்லையா எண்டது ரெண்டாவது, கோவலனைக் கூப்பிட்டுக் கேக்கவே இல்ல எண்டதுதான் முதல் பிழை. தண்டிக்க முதல் மறுபக்கத்தைக் கேள் எண்டது நிர்வாகச் சட்டத்துட அத்திவாரம், ஒருத்தரை வேலையால நிப்பாட்ட முதல், ஒரு பெர்மிட்டை ரத்துச் செய்ய முதல் அவருக்குச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் குடுக்கணும். அத நம்ம கோயில்ல வருசா வருசம் உடுக்கடிச்சுப் பாடுறோம், பாடிட்டு அடுத்த நாள் ஒபிசுக்குப் போய் ஆளைக் கேக்காமலே ஃபைலை மூடுறோம். இந்தக் கடைசி வரி என்ட வரி, சேர்ட இல்ல. நானும் கவுண்டருக்குப் பின்னால இருக்கிற ஆள்தான்.

அதே வழக்குரையில கடைசிப் பக்கம், 2012ல எழுதினது. போருக்குப் பிறகு அரசாங்கம் வச்ச கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுட அறிக்கை 2011 கடைசியில வந்ததே, அத வாசிச்ச கையோட எழுதியிருக்கணும், ரெண்டிலயும் ஒண்டையொண்டு பாக்கச் சொல்லிக் குறி போட்டிருக்கு. ‘அவள் வழக்கில் வென்றாள். வென்ற பிறகும் மதுரை எரிந்தது. குளிர்த்தி பாடுவது அதனால்தான். தீர்ப்பு ஒரு வேலை, ஆற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆணைக்குழுவிடம் கொடுத்து இரண்டையும் இழந்தோம்.’ இதோட நான் முழுசா ஒத்துப்போகல்ல, தீர்ப்பே வராத வீடுகள் எத்தினையோ இங்க கிடக்கு, அதுகளிட்டப் போய் ஆத்துறதப் பத்திக் கதைக்க ஏலாது. ஆனா இப்பிடி ஒரு வாசிப்பு, கோயில் பாட்டையும் அரச அறிக்கையையும் ஒண்டாப் பிடிச்சு வாசிக்கிறது, இங்க பிறந்த ஆளாலதான் ஏலும்.

இப்ப நான் வாசிச்சுக்கொண்டிருக்கிறது நோர்மன் அப்ஹோஃப் 1992ல கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் பத்தி எழுதின புத்தகம். அம்பாறை ஆக்கள் கட்டாயம் வாசிக்கணும். எண்பதுகள்ல கல்லோயா இடதுகரையில தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் எப்பிடித் தண்ணியைப் பகிர்ந்தாங்க, மேல சிங்கள விவசாயிகள், ஆகக் கடைசில தமிழ் விவசாயிகள், அப்பிடி இருந்தும் மேல உள்ளவங்க மதகை மூடிக் கீழ தண்ணி விட்ட கதை அதுல இருக்கு. சேர்ட நீலம் இதுல நிறைய. ‘முறை’ எண்ட சொல்லை வட்டம் போட்டிருக்கார். திருக்குறள்ல செங்கோன்மை அதிகாரத்துல முறை எண்டா நீதி. வாய்க்கால்ல முறை எண்டா தண்ணி வாற தவணை, ‘இண்டைக்கு எங்கட முறை’. வீட்டில முறை எண்டா சொந்தம், மச்சான் முறை, மாமி முறை. ‘மூன்றும் ஒரே சொல். உன் தவணைக்குக் காத்திருக்கிறேன் என்றால் உன்னைச் சொந்தமாக ஒத்துக்கொள்கிறேன் என்று பொருள். இதை விட்டுவிட்டு நீதிக்கு வேறு வரைவிலக்கணம் தேடி அமெரிக்காவுக்குப் போனேன்.’ இந்த ஒரு குறிப்புக்காகவே பஸ் ஏறி வரலாம் எண்டு நான் சொல்லுவன். வயலுக்குத் தண்ணி பங்கு பாக்கிற வட்டவிதானை வேலை பாத்த எங்கட பெரியப்பாக்கு ஃபோன்ல வாசிச்சுக் காட்டினன், மனுசன் கொஞ்சநேரம் பேசாம இருந்திட்டு ‘ஓம், அப்பிடித்தான்’ எண்டார்.

சும்மா வாசிச்சு ரசிக்க மட்டும்தானா எண்டு கேட்டா, இல்ல. எனக்கு ஒரு வேலை நடந்தது. அப்பா மோசம் போன பிறகு வாவிக்கு அங்கால படுவான்கரையில இருக்கிற எங்கட அரச காணி வயல் பெர்மிட்டை அம்மாட பேருக்கு மாத்த ரெண்டு வருசம் அலைஞ்சம். ஒரு காரியாலயம், பேர் வேணாம், போற நேரமெல்லாம் ஃபைல் இல்ல, அடுத்த மாசம் வாங்க. ஒருத்தர் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு வாங்க எண்டார், அண்ணன் கட்டாருல. சேர்ட றாக்கையில 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் கிடந்தது. பின்னுரித்தாளி, அதாவது தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு, பேர் போடாம ஆள் செத்தாலும் முதல் உரிமை மனிசிக்கு எண்டு அதுல தெளிவாக் கிடக்கு. அதுக்குப் பிறகு வாற அட்டவணைல ஆம்புளைப் புள்ளைகளுக்கு முதலிடம் குடுத்திருந்த இடத்துல சேர் சிவப்பில: ‘வீடு மகளுக்குப் போகும் ஊரில் வயல் மகனுக்குப் போகிறது. எழுதியவர் மட்டக்களப்பைப் பார்க்கவில்லை.’

பக்கத்திலயே ஒரு ஃபைல், சேர் போட்ட தகவல் அறியும் விண்ணப்பங்கள்ட கொப்பி. 2016ம் ஆண்டு 12ம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரில இருந்து நடைமுறை. அதுல ஒவ்வொரு விண்ணப்பத்துலயும் கேள்வியை எப்பிடிச் சுருக்கமா, எந்தப் பதிவேடு, எந்த வருசம் எண்டு குறிப்பாக் கேக்கிறது எண்டு பாத்துப் படிச்சன். ‘ஏன் தாமதம்’ எண்டு கேக்கக் கூடாது, ‘இந்தப் பதிவேட்டில் இந்தப் பக்கத்தின் பிரதி’ எண்டு கேக்கணும். 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு தகவல் அலுவலர் முடிவு சொல்லணும், சொல்லாட்டி மேன்முறையீடு. நானும் அப்பிடியே எழுதிக் குடுத்தன். முதல் வந்த பதில் சிங்களத்துல மட்டும். சேர்ட அரசியலமைப்புப் புத்தகத்துல 22ம் உறுப்புரைக்குக் கீழ பென்சில் கோடு தாள் கிழியிற அளவுக்கு இழுத்துக் கிடக்கு, வடக்குக் கிழக்கில நிர்வாக மொழி தமிழ் எண்ட இடம். அந்த உறுப்புரையைக் குறிச்சுத் திரும்பவும் ஒரு கடிதம். மூண்டாவது கிழமை தமிழ்ல பதிலும் பதிவேட்டுப் பக்கத்துட பிரதியும் வந்தது, ஃபைலும் அந்த அலுமாரிக்குள்ளயே கிடந்திருக்கு. அம்மாட பேருக்கு மாறிட்டு. நானே அரச உத்தியோகத்தர், எனக்கே இவ்வளவு பாடு எண்டா எங்கட கவுண்டருக்கு வாற வயசான அம்மாக்கள் என்ன செய்வாங்க எண்டு அதுக்குப் பிறகு யோசிக்காம இருக்க ஏலல்ல. இப்ப நான் வாங்கிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் திகதி போட்டுப் பற்றுச்சீட்டு எழுதிக் குடுக்கிறன்.

இன்னொரு பயனுள்ள விசயமும் அங்கதான் கண்டன். அடிப்படை உரிமை மீறல் வழக்கு உயர் நீதிமன்றத்துல மட்டும்தான், அதுவும் ஒரு மாசத்துக்குள்ள போடணும் எண்டு 126ம் உறுப்புரை. சேர் ஓரத்துல மட்டக்களப்புல இருந்து உயர் நீதிமன்றம் இருக்கிற கொழும்பு புதுக்கடை வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல எண்டு எழுதி, பஸ் காசு, லோயர் காசு எண்டு கணக்குப் போட்டிருக்கார். அதுக்குக் கீழ அம்புக்குறி போட்டு, அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமை ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாசக் கணக்கில சேராது, 1996ம் ஆண்டு 21ம் இலக்கச் சட்டம் 13ம் பிரிவு எண்டு. ஆணைக்குழுக்கு மட்டக்களப்பிலயே காரியாலயம் இருக்கு. இது தெரியாம நாள் தவறவிட்ட ஆக்களை எனக்கே தெரியும்.

சரி, குறையும் சொல்லணும். கட்டலொக் கிடையாது. சேர் கார்ட்ல எழுதத் தொடங்கிப் பாதியில விட்டிருக்கார், மிச்சம் எல்லாம் அவர்ட தலைக்குள்ள இருந்தது. டீச்சருக்குப் புத்தகம் இருக்கிற இடம் தெரியும், ஆனா அவங்க இல்லாட்டி நீங்க அலைய வேண்டியதுதான். முக்கால்வாசி இங்கிலிஸ். தமிழ்ல வாசிக்கிற ஆக்கள் சேர்ட குறிப்பை வாசிச்சே கன விசயம் பிடிக்கலாம், ஆனாலும் தமிழ் மீடியத்துல படிச்சு வாற புள்ளைகளுக்கு முதல் நாள் பயமாத்தான் இருக்கும். கையெழுத்தும் லேசில்ல, ‘ன’வும் ‘ள’வும் ஒரே மாதிரி. பெண்கள் எழுதினது குறைவு, மாத்துத்திறனாளிகள் பத்தி ஒரு தட்டுக்கூட இல்ல, நீதி பற்றி இவ்வளவு யோசிச்ச மனுசன்ட அலுமாரில அது இல்லாதது எனக்குக் கவலைதான். மலையக ஆக்கள்ட குடியுரிமையைப் பறிச்ச 1948ம் ஆண்டுச் சட்டம் பத்தியும் நாலஞ்சு புத்தகம்தான், குறிப்பும் கொஞ்சம். வெக்கை பயங்கரம், ஒரு ஃபேன்தான், கரண்ட் போனா விறாந்தைக்கு வந்திரணும். போட்டோகொப்பி இல்ல, ஃப்ளாஷ் போடாம ஃபோன்ல எடுக்கலாம்.

இன்னொண்டு மனவருத்தத்தோட எழுதுறன். ஆரோ ஒருத்தர் சமூகநீதி பத்தின ஒரு புத்தகத்துல குறிப்பு உள்ள ரெண்டு தாளை பிளேட்டால வெட்டி எடுத்திருக்கார். டீச்சர் சத்தம் போடல்ல, அந்த இடத்துல ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வச்சிருக்காங்க. எடுத்தவர் இத வாசிச்சா தபால்ல எண்டாலும் அனுப்பி விடுங்க, பேர் போடத் தேவையில்ல.

குறிப்பை மட்டும் படம் பிடிச்சுக்கொண்டு எக்ஸாமுக்கு ஓடுற புள்ளைகளும் வாறாங்க. அப்பிடிச் செய்யாதீங்க. சேர் அந்தப் புத்தகத்தோட சண்டை பிடிச்சிருக்கார், புத்தகம் என்ன சொன்னது எண்டு தெரியாம சண்டைல பாதியை மட்டும் கேட்டு என்ன செய்யப் போறீங்க. சில இடத்துல சேர் பிழையாவும் சொல்லியிருக்கார், பச்சை மை அதப் பிடிச்சிருக்கு, பச்சை மை இல்லாத இடத்துல நாங்கதான் பிடிக்கணும். புத்தகத்துல நாங்க எழுதக் கூடாது எண்டது ரூல். அதுக்குப் பதிலா டீச்சர் மஞ்சள் துண்டுத் தாள் வெட்டி ஒரு டப்பால வச்சிருக்காங்க, சொல்ல வேண்டியத அதுல எழுதிப் பக்கத்துக்குள்ள வைக்கலாம். முதல் மாசம் நான் ஒண்டுமே எழுதல்ல, இவருக்கு முன்னால நான் என்னத்த எழுதிற எண்டு. கண்ணகி வழக்குரைக்குள்ளதான் முதல் துண்டு வச்சன், தீர்ப்பே வராத வீடுகளைப் பத்தி. அடுத்த கிழமை போய்ப் பாத்தா அதுக்குக் கீழ வேற ஆரோ ஒருத்தர் ‘எங்கட வீடும்’ எண்டு எழுதியிருக்கார்.

போறதெண்டா காலம வெள்ளனப் போங்க, ஜன்னல் பக்க மேசை பத்து மணிக்கு முதல் நிரம்பிரும். தண்ணிப் போத்தல் கொண்டு போங்க, பேனையை பேக்குக்குள்ளயே வையுங்க, பென்சில் அங்க இருக்கு. கல்லோயாப் புத்தகம் எடுக்கிற ஆள் ஆரா இருந்தாலும், நடுவில கிடக்கிற மஞ்சள் துண்டு என்ட, அதக் கழட்டிராதீங்க, வாற சனிக்கிழமை வந்து மிச்சத்தை முடிச்சிருவன்.